பரமேஸ் விழுந்த குழி

1

மருத்துவமனை அவசரப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தபோது என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. நான் கொடுத்திருந்த புகார் 'செலெசாய்' என்றது. மலாய் மொழியில் அதற்கு முடிந்தது என்று பொருள். நடவடிக்கை முடிந்தது, ஒத்துழைப்புக்கு நன்றி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு, கீழே ஐந்து நட்சத்திரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள்.

எதிர் நாற்காலியில் எங்கள் சைக்கிள் கூட்டத்துப் பெண்மணி பரமேஸ் இருந்தார். வலது கன்னம் தாரில் உரசித் தோல் வழன்றிருந்தது. இடது கையால் வலது முழங்கையைக் குழந்தையைப் போலத் தாங்கிப் பிடித்திருந்தார். அவர் அன்று காலை சைக்கிளோடு விழுந்தது, செலெசாய் ஆகிவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே குழியில்தான்.

"யாரு சார் மெசேஜ்?"

"சாலைக்குப் புகார் கொடுத்தோமே, அந்த அலுவலகம்."

"என்னவாம்?"

"குழி சரியாயிடுச்சாம்."

பரமேஸ் சிரிக்கத் தொடங்கி, பாதியில் முகத்தைச் சுளித்தார். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க சார், வலிக்குது லா!"

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், காறையெலும்பு முறிந்திருக்கிறது என்றார். தைப்பூசம் வரை கை, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் இருக்க வேண்டும். நான் மறுபடியும் அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தேன். அரசு அலுவலகங்கள் பொய் சொல்லும் என்பது எனக்குப் புதிதல்ல, நானே பல ஆண்டுகள் அந்த வாசகங்களைத் தயாரித்துக் கொடுத்தவன். ஆனால் பொய் சொல்லிவிட்டு நட்சத்திரம் கேட்கும் துணிச்சல் எங்களுக்கு வந்ததில்லை.

2

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். காவிரிக் கரையில் உள்ள ஒரு நகராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். திங்கட்கிழமைகளில் மக்கள் கொண்டுவரும் மனுக்களை வாங்கி, முத்திரை குத்தி, உரிய பிரிவுக்கு அனுப்பி, உரிய பிரிவு அதை எனக்கே திருப்பி அனுப்ப, நான் மறுபடியும் அனுப்பி, அப்படியே தலை நரைத்தவன். ஒரு மனு எந்த மேசையில் உறங்கும், எதைக் கண்டால் எழுந்து உட்காரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இந்தக் குறிப்புகளை எழுதும் இன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மகள் இளமதி இங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். அவள் கூப்பிட்டு, நானும் மனைவி வசந்தாவும் பினாங்குக்கு வந்தோம். சர்க்கரை ஏறியதும் டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்கு அலுப்பு என்றதும் மகள் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டாள். ஆபீசுக்குச் சைக்கிள் மிதித்த காலத்தில், என்றைக்கு ஸ்கூட்டர் வாங்குவோம் என்று ஏங்கியவன் நான். இப்போது தலையில் கவசம் மாட்டிக்கொண்டு, பொழுதுபோக்குக்காக மிதிக்கிறேன். ஜார்ஜ் டவுனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து போவோம். முன்னால் போவது எப்போதும் பரமேஸ்.

பரமேஸ் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. முட்டி தேய்ந்துவிட்டதால் நாலு கடை தள்ளி நடந்தாலே வலிக்கும், சைக்கிளில் ஏறிவிட்டால் வலிக்காது. கார் ஓட்டப் பழகியதில்லை. சந்தை, கோயில், கிளினிக், தோழிகள் வீடு எல்லாம் அந்தக் கூடை வைத்த பச்சைச் சைக்கிளில்தான். எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சி. அவருக்கு அதுதான் கால்.

குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் பெரிய சாலையிலிருந்து பிரிகிற ஒரு கிளைச் சாலையில், யாரோ குழாய் பதிக்கத் தோண்டி, யாரோ மூடி, அது மழையில் அமுங்கி, சாலையின் பாதி அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. வெயில் நாளில் அதன் ஆழம் தெரியும். மழை பெய்தால் தண்ணீர் நிறைந்து தரையோடு தரையாகக் கண்ணாடி போலக் கிடக்கும். பரமேஸ் முதலிலேயே அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, புகார் எண்ணுக்கு அனுப்பியிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்ளோதான் சார். படமும் எடமும் அனுப்பினா போதும்."

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பொருள் இல்லை, பார்வை இல்லை, கடித எண் இல்லை, நகல் இல்லை. எங்கள் ஆபீசில் நகல் இல்லாத மனுவை அனாதை என்போம். மேலே நாலு பேருக்கு நகல் போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் கீழே இருப்பவன் பேனாவைத் திறப்பான். ஆகவே நானே உட்கார்ந்து புகார் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு முறையான கடிதம் எழுதினேன். சாலை, வடிகால், தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து என்று தொடர்புடைய ஐந்து அலுவலகங்களுக்கும் நகல் போட்டேன்.

வசந்தா உறைகளைப் பார்த்தாள். "குழி ஒண்ணுதானே? கடிதாசி எதுக்கு ஆறு?"

"உனக்குப் புரியாது."

மகளின் கவலை வேறு. "அப்பா, நீங்க விசாவுல இருக்கீங்க. வந்த எடத்துல மனு கினுன்னு எதுக்குப்பா? அவங்க ஊரு ரோடு, அவங்க பார்த்துப்பாங்க."

இத்தனை காலம் ஒரு ஊரில் காய்கறி வாங்கி, முடி வெட்டி, பல் பிடுங்கிக்கொண்ட பிறகும் அது 'அவங்க ஊரு'தான் என்று ஒவ்வொரு விசாப் புதுப்பித்தலின்போதும் எனக்கு நினைவூட்டப்படுகிறது. அதை மகள் வாயால் கேட்டபோது கொஞ்சம் சுருக்கென்றது. உறைகளை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய்விட்டேன்.

3

பரமேஸின் ஒரே மகன் தினேஷ். கடல் பாலத்துக்கு அப்பால், பத்து காவான் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் பொறியாளன். அங்கேயே புதுக் குடியிருப்பில் பதினெட்டாவது மாடியில் வீடு. பாலம் கடந்து மாதத்துக்கு இரண்டு முறை அம்மாவைப் பார்க்க வருவான். செய்தி கேட்டு ஞாயிற்றுக்கிழமை ஷிப்டிலிருந்து மருத்துவமனைக்கு ஓடிவந்தபோது, தொழிற்சாலை அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மாவின் கன்னத்தைப் பார்த்தான். பிறகு, "போதும்மா," என்றான்.

"என்னடா போதும்?"

"இந்தச் சைக்கிள், இந்தத் தனி வீடு, எல்லாம் போதும்லா. என்கூட வந்துடுங்க. லிஃப்ட் இருக்கு, செக்யூரிட்டி இருக்கு. கீழ ஜிம் இருக்கு, அதுல சைக்கிள் இருக்கு. காலைல இறங்கி ஓட்டுங்க. மழை கெடையாது, குழி கெடையாது."

"அது எங்க போகும்?"

"எது?"

"அந்த ஜிம்மு சைக்கிளு."

"எங்கயும் போகாதும்மா. நின்ன எடத்துலயே."

"எங்கயும் போகாத சைக்கிள நான் எதுக்குடா மிதிக்கணும்? சந்தைக்கு எதுல போறது?"

"நான் கூட்டிட்டுப் போறேன், சனிக்கிழமை."

"செவ்வாய்க்கிழமை கறிவேப்பில தீர்ந்து போச்சுன்னா?"

தினேஷ் என் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்களாவது சொல்லுங்களேன். நீங்களும் புள்ளகூடத்தானே இருக்கீங்க?"

இருக்கிறேன். பிள்ளைகள் நம்மை அன்பினால்தான் கூப்பிடுகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு ஏதாவது வேண்டுமென்றால் அவர்கள் வேலை முடிந்து வரும் வரை காத்திருக்கிறோம். என் மகள் வீட்டில் எனக்கென்று ஒரு அறை உண்டு, ஒரு நாற்காலி உண்டு, நல்ல காப்பி உண்டு. ஆனால் அவளும் மருமகனும் பேரனும் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிச் சிரிக்கும்போது, நான் ஒரு விநாடி தாமதமாகச் சிரிப்பேன். என்னை வாரத்தில் ஒருநாள், எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்காத இடத்துக்கு இட்டுச்செல்வது அந்தச் சைக்கிள்தான். இதையெல்லாம் அவசரப் பிரிவில் வைத்து ஒரு பொறியாளரிடம் எப்படிச் சொல்வது?

பரமேஸே பேசினார். "குழிதானே ஒனக்குப் பிரச்சின? குழிய மூடிட்டா?"

"மூட மாட்டாங்கம்மா."

"மூடிட்டா?"

தினேஷ் பெருமூச்சு விட்டான். "சரி. தைப்பூசத்துக்குள்ள அந்தக் குழிய மூடிட்டா, ஓட்டிக்கங்க, நான் வாய் தொறக்க மாட்டேன். மூடலன்னா, வீட்ட வாடகைக்கு விட்டுட்டு என்கூட வரணும். பேச்சு மாறக் கூடாது."

"நான் என்னைக்குடா மாறியிருக்கேன்?" பரமேஸ் நல்ல கையால் என்னைக் காட்டினார். "சார் இருக்காரு. கவர்மெண்டுல இருந்தவரு. மூடிக் குடுத்துடுவாரு."

அன்றைய நாளில் எனக்கு இது இரண்டாவது அதிர்ச்சி.

4

மூன்றாவது அதிர்ச்சி மறு வாரம், புகார் அலுவலகக் கவுண்டரில் காத்திருந்தது. கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு பரமேஸும் உடன் வந்தார். எங்களை வேனில் ஏற்றிவந்தவர் சலீம். அவரும் எங்கள் சைக்கிள் கூட்டத்தில் ஒருவர், கோயில் சாலைப் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கவுண்டரில் இருந்தவன் தர்ஷன் என்ற இளைஞன். தமிழ்ப் பையன், சிரித்த முகம். கணினியில் எதையோ தட்டினான், இன்னும் கொஞ்சம் தட்டினான், பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அங்கிள், இது நீங்க போட்ட லெட்டரா?"

"ஆமாம்."

"அஞ்சு டிப்பார்ட்மெண்டுக்கும் காப்பி போட்டீங்களா?"

"முறைப்படி போட்டேன்," என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கலாம்.

"அதான் அங்கிள் பிரச்சின." அவன் திரையை எங்கள் பக்கம் லேசாகத் திருப்பினான். "ஆன்ட்டி மொதல்ல ஒரு படம் அனுப்பியிருக்காங்க. அது நேரா ரோட்டுக்கு ஒட்டுப் போடுற ஆளுங்களுக்குப் போயிடுச்சு. வியாழக்கெழம வந்து தார் ஊத்தறதா போட்டிருக்கு பாருங்க. அதுக்குள்ள உங்க லெட்டர் வந்துச்சு. அஞ்சு எடத்துக்குப் போயிருக்கா, இது யாரோட ரோடுன்னு எல்லாரும் சேர்ந்து பேசி முடிவு பண்ணணும்னு மேல அனுப்பிட்டாங்க. ரெண்டும் ஒரே குழி. அதனால ஆன்ட்டியோட புகாரையும் உங்களோடதுல சேர்த்து, இங்க குளோஸ் பண்ணிட்டாங்க."

"அதுதான் செலெசாயா?"

"இந்தக் கவுண்டருக்குச் செலெசாய்."

திரையில் இருந்த தேதியை மறுபடியும் படித்தேன். வியாழக்கிழமை ஊற்றியிருப்பார்கள். பரமேஸ் விழுந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை.

பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி பரமேஸ் சொன்னார்: "அப்போ என்னைய குழியில தள்ளுனது நீங்கதானா சார்?"

சலீம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். வரிசையில் ஒரு சீனப் பெரியவர், மொழி புரியாமலே, என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் நகராட்சியில் நகல் என்பது சாட்டை. இங்கே அதே நகலைப் பார்த்து ஐந்து பேரும் மரியாதையாக, மற்ற நால்வர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒதுங்கி நின்றிருக்கிறார்கள்.

"அந்தக் கூட்டம் எப்போ தம்பி?"

"தைப்பூச வேலையெல்லாம் முடியணும் அங்கிள். அதுக்கப்புறம்தான்."

"இன்னொரு படம் அனுப்பினால்?"

"அனுப்பலாம். அதே எடம்தானே, மறுபடியும் உங்க ஃபைல்ல போய்ச் சேர்ந்துக்கும்."

"சரி, என் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

"வாங்கிக்கலாமே." தர்ஷன் முகம் மலர்ந்தது. "அதுக்கு ஒரு லெட்டர் குடுங்க. அஞ்சு பேருக்கும் காப்பி போடணும்."

5

வெளியே வந்து சலீம் கடையில் உட்கார்ந்தோம். பரமேஸால் வலது கையில் டம்ளர் பிடிக்க முடியவில்லை. இடது கையால் பிடித்து, தேநீரைக் கொஞ்சம் சட்டையில் கொட்டிக்கொண்டார். சலீம் துணி கொண்டுவந்து கொடுத்தார்.

"தினேஷு நேத்து வீட்டு ஏஜெண்ட்ட கூட்டிட்டு வந்தான்," என்றார் பரமேஸ், சட்டையைத் துடைத்தபடி. "சும்மா போட்டோ எடுக்கத்தான்னு சொன்னான். அந்தப் பொண்ணு என் அடுப்படிய எல்லாம் எடுத்துச்சு. சைக்கிள் நிக்கிற எடத்தப் பார்த்து, இங்க வாஷிங் மெசின் போடலாம்ங்குது."

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சாலையையே பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

நான் செய்ததை நான்தான் சரிசெய்ய வேண்டும். எங்கள் ஊரில் குழிகள் எப்போது மூடப்பட்டன என்று யோசித்தேன். மனு கொடுத்து மூடிய குழி ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அமைச்சர் வந்தால் மூடுவோம், அவர் கார் திரும்பும் முனை வரைக்கும். தேர் வந்தால் மூடுவோம், தேர்ச் சக்கரம் இறங்கினால் ஊரே எங்கள் மேல் ஏறும் என்பதால். குழியைப் பற்றி யார் பேசினாலும் அது குழியாகவே இருக்கும். அந்த இடத்தில் கூட்டம் நிற்கப் போகிறது என்று தெரிந்தால்தான் அது ஆபத்தாகும்.

இங்கும் தேர் உண்டு. ஆனால் வெள்ளித்தேர் போவது பெரிய சாலையில். எங்கள் குழி கிளைச் சாலையில் இருக்கிறது, தேர் வராது.

"சலீம், பூசத்தன்று அந்தக் கிளைச் சாலையில் கூட்டம் இருக்குமா?"

"இருக்காதா பின்ன? தூரத்துல காடிய வுட்டுட்டு மலைக்கு நடந்து போறவங்க எல்லாம் அந்த வழிதானே சார்." இங்கே காரைக் காடி என்பார்கள்.

"அங்கே யாராவது தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்களா?"

"பந்தல் எல்லாம் பெரிய ரோட்டுலதான்."

"நாம் போட்டால்?"

சலீம் என்னைப் பார்த்தார். பரமேஸும் பார்த்தார். பந்தல் போட அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால், கொடுப்பதற்கு முன்னால் இடத்தைப் பார்க்க ஆள் வருவார்கள். வருபவர் சாலைப் புகார்ப் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர், அவருக்கு என் கோப்பும் தெரியாது, ஐந்து நகலும் தெரியாது. அவருடைய ஒரே கவலை, தன் கையெழுத்துக்குக் கீழே யாரும் தடுக்கி விழக் கூடாது என்பதுதான். இந்தக் கவலை எந்த நாட்டு அதிகாரிக்கும் பொது.

"சார்," என்றார் பரமேஸ் மெதுவாக, "நீங்க நல்லவரா கெட்டவரா?"

"ஓய்வு பெற்றவன்."

"சர்பத்து நான் போட்டுடறேன் லா," என்றார் சலீம். "பந்தலுக்கு அக்கா பேரு. சாமி காரியம், என் பேருல போட்டா நல்லாருக்காது. ஊத்திக் குடுக்கறதுக்கு நான் வரேன்."

விண்ணப்பதாரர் இந்நாட்டுக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும் என்பதால் என் பெயரும் வர முடியாது. என் மகளுக்கு இதில் நிம்மதி. பரமேஸ் இடது கையால் கையெழுத்திட்டார். எதிர்பார்க்கும் கூட்டம் என்ற இடத்தில் நான் தாராளமாக எழுதவைத்தேன். அமைச்சர் நிகழ்ச்சிகளுக்குக் கூட்டக் கணக்கு எழுதிப் பழகிய கை. நகல் யாருக்கும் போடவில்லை.

பார்வையிட வந்தவர் ஓர் இளம் மலாய் அதிகாரி, தலைத்துணியும் விளையாட்டுக் காலணியும் அணிந்த பெண். பந்தலுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த இடம், தற்செயலாக, குழியிலிருந்து நாலு எட்டு. அவர் நடந்து வந்தார், நின்றார், கீழே பார்த்தார்.

"இங்கே லுபாங் இருக்கே!" என்றார் மலாயில், திடுக்கிட்டு. குழி என்பதற்கு அவர்கள் சொல் அது.

நான் அப்போதுதான் பார்ப்பவன்போலக் குனிந்து பார்த்தேன். "அடடா," என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக நான் நடித்ததில்லை. பரமேஸ் தொட்டில் கையோடு எனக்குப் பின்னால் நின்று, கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது தெரிந்தது.

"இவ்வளவு பேர் நிற்கப் போகிறார்கள், குழந்தைகள் வருவார்கள், இப்படி இருந்தால் எப்படி?" அதிகாரி கைப்பேசியில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். ஒரே ஒரு படம்.

6

அதற்கு மறுநாள் காலை சலீம் அழைத்தார். "சார், சீக்கிரம் வாங்க, வந்துட்டானுங்க!"

நான் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் பாதி முடிந்திருந்தது. குழியைச் சதுரமாக வெட்டி எடுத்து, கல்லைக் கொட்டி, தார்க் கலவையை நிரப்பி, உருளை வண்டி மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதோடு நிற்கவில்லை. இதுதான் என்னை நிலைகுலையச் செய்தது. முனையிலிருந்து முனைவரை சாலை முழுவதற்கும் புதுத் தார் போட்டுவிட்டார்கள். நாங்கள் ஒரு குழியைத்தான் கேட்டோம். கையெழுத்துக்கு இவ்வளவு அச்சமா என்று வியந்துபோய் நின்றேன். வேலை செய்தவர்களில் ஒருவர் என்னை நகர்ந்து நிற்கச் சொன்னார். என் செருப்பில் தார் ஒட்டியிருந்தது.

பந்தலும் போட்டோம். வேறு வழியில்லை, அனுமதி வந்துவிட்டதே. சலீம் கடையிலிருந்து பெரிய பெரிய பானைகளில் சர்பத் வந்தது. வசந்தா மோர் கலக்கினாள். இளமதி விடுப்புப் போட்டு வந்து, அவங்க ஊரு என்று சொன்ன அதே சாலையில் நின்று, மஞ்சள் சேலை கட்டியவர்களுக்கும் மொட்டைத் தலைக் குழந்தைகளுக்கும் சீனத் தம்பதிகளுக்கும் டம்ளர் நீட்டினாள். நான் எழுதவைத்த கூட்டக் கணக்கு பொய் என்று நினைத்திருந்தேன். மதியத்துக்குள் சர்பத் தீர்ந்துவிட்டது.

தினேஷ் வந்தான். பந்தலை விட்டுவிட்டு நேராகப் போய்ப் புதுத் தாரின்மேல் நின்று, காலால் அழுத்திப் பார்த்தான். பொறியாளன் அல்லவா.

"என்னடா, உள்ள போகுதா?" என்று பரமேஸ் அங்கிருந்தே கேட்டார்.

"போகல."

"பேச்சு?"

"பேச்சு பேச்சுதாம்மா." அவன் முகம் தோற்றவன் முகமாக இருந்தது. எனக்குக்கூடச் சங்கடமாகப் போய்விட்டது. அவன் கேட்டதில் தப்பென்ன இருந்தது? சற்று நேரம் நின்றுவிட்டுத் தானும் ஒரு குவளையை எடுத்து, வருபவர்களுக்கு ஊற்றத் தொடங்கினான்.

7

பந்தலைப் பிரித்து இரண்டு நாள் கழித்துத்தான் சலீம் அதைச் சொன்னார். அவர் கடைக்கு அந்த வழியாகத்தான் போவார்.

"சார், ஒரு தடவ வந்து பாருங்க. எனக்குச் சரியாப் படல."

போய் நின்று பார்த்தேன். சாலை வழவழவென்று கறுப்பாக நீண்டு கிடந்தது. அதில் கார்கள் பறந்தன. குழி இருந்தவரை அந்த இடம் வந்ததும் எல்லோரும் பிரேக்கை அழுத்தி, முதலில் நீ போ என்று கை காட்டி, ஊர்ந்து போனார்கள். இப்போது பெரிய சாலையின் சிவப்பு விளக்கைத் தவிர்க்க, எங்கிருந்தோ வந்த வண்டிகளெல்லாம் இந்தக் கிளைச் சாலையைக் கண்டுபிடித்திருந்தன. ஒரு மோட்டார் சைக்கிள் என் சட்டையை உரசுவதுபோலப் போனது. நான் ஓரச் சாக்கடையின் மூடிமேல் ஏறி நின்றுகொண்டேன்.

"குழி இருந்தப்ப எல்லாரும் மரியாதையா போனானுங்க," என்றார் சலீம்.

எந்த ஆபீசுக்கு எதை எழுதுவது? நீங்கள் சாலையை நன்றாகப் போட்டுவிட்டீர்கள் என்றா?

பரமேஸிடம் சொன்னோம். கை தொட்டிலை டாக்டர் அப்போதுதான் கழற்றியிருந்தார். கொஞ்ச நாள் வேறு வழியாகப் போகலாமே என்றேன். சந்தைக்குப் போக வேறு வழி என்றால் பெரிய சாலைதான், அது இதைவிட மோசம் என்றார். "குழிய மூடுனா ஓட்டறேன்னு சொன்னேன். மூடிட்டாங்க. ஓட்டலன்னா தினேஷு என்னா நெனப்பான்?" தினேஷுக்கு இந்த வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றும் என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டோம். பரமேஸ், சலீம், நான். அம்மா மறுபடி ஓட்டும் முதல் நாள் என்பதால் தினேஷும் பாலம் கடந்து வந்திருந்தான். வாசலில் நின்று கவசத்தின் பட்டையைச் சரிபார்த்தான், சக்கரத்தில் காற்றை அழுத்திப் பார்த்தான். கொடுத்த வார்த்தைப்படி வாயைத் திறக்காமல் நின்றான்.

கிளைச் சாலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வண்டிகள் இருந்தன. முதல் கார் கடந்தபோது அதன் காற்றில் என் சைக்கிள் ஆடியது. நான் ஓரத்துக்கு ஒதுங்கினேன். சலீமும் ஒதுங்கினார். பரமேஸின் சைக்கிள் ஒரு கணம் தடுமாறியது. வலது தோள் இன்னும் முழுதாகத் தேறவில்லை, கைப்பிடி கோணியது. விழப் போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் விழவில்லை. கைப்பிடியை நேராக்கினார். பிறகு இடது ஓரத்தை விட்டு விலகி, நிதானமாக, வழித்தடத்தின் நட்ட நடுவுக்குப் போனார்.

பின்னால் ஒலிப்பான் அலறியது. பரமேஸ் திரும்பிப் பார்க்கவில்லை. காலைச் சந்தைக்குப் போகிறவரின் வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். கூடையில் ஒரு துணிப்பை காற்றில் படபடத்தது. இன்னொரு ஒலிப்பான். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

பரமேஸுக்குப் பின்னால், ஒரு கார் இடைவெளி விட்டு, சாம்பல் நிறக் கார் ஒன்று ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் இரு பக்க விளக்குகளும் மினுக்மினுக்கென்று எரிந்தன. உள்ளே தினேஷ். அவனுக்குப் பின்னால் இன்னும் ஆறேழு கார்கள், ஒரு லாரி, எல்லாம் ஒரு தாதியின் சைக்கிள் வேகத்தில். ஒலிப்பான்கள் பரமேஸை நோக்கி அடிக்கப்பட்டவை அல்ல, அவனை நோக்கி அடிக்கப்பட்டவை.

அவன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். வாய் திறக்க மாட்டேன் என்றவன் திறந்துவிட்டான். "அம்மா! ஓரமா போங்கம்மா!"

"ஓரத்துலதாண்டா விழுந்தேன்!" என்று பரமேஸ் முன்னாலிருந்து கத்தினார்.

லாரிக்காரன் பொறுமையிழந்து நீளமாக ஓர் ஒலி எழுப்பி, முந்துவதற்கு வலது பக்கம் மூக்கை நீட்டினான். தினேஷ் காரைச் சற்றே வலப்பக்கம் நகர்த்தி அந்த இடைவெளியையும் அடைத்தான். பிறகு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைப் பின்னால் காட்டி, பொறு என்று சைகை செய்தான். சாலை முடியும் வரை அந்தக் கையை அவன் உள்ளே எடுக்கவில்லை.